தழும்பைத் தளர்த்தும் ஒளி

தீக்காயம் ஆறினாலும் தழும்பின் தொல்லை ஆறுவதில்லை. ஆழமாக வெந்த தோல் மூன்று வாரங்களுக்கு மேல் மூடாமல் கிடந்தால், அங்கே கொலாஜன் என்ற புரத நார்கள் அளவுமீறி, தாறுமாறாகச் சேர்ந்துவிடுகின்றன. தோல் சிவந்து தடிக்கிறது. அரிப்பு தூங்கவிடாது. கழுத்து, முழங்கை, விரல் இடுக்கு என மடங்கும் இடங்களில் தோல் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அழுத்த உடை, சிலிகான் ஜெல், பிசியோதெரபி ஆகியவை இன்றும் முதல் வைத்தியம். அவற்றுக்குத் துணையாக வந்ததுதான் லேசர்.

சிவப்பு மாறாத புதுத் தழும்புக்குப் பல்ஸ்டு டை லேசர் ஏற்றது. அதன் 595 நானோமீட்டர் மஞ்சள் ஒளியை ரத்தத்தின் ஹீமோகுளோபின் உறிஞ்சிச் சூடாகிறது. தழும்புக்குள் மண்டிய நுண்குழாய்கள் சுருங்கி மூடுகின்றன. சிவப்பும் அரிப்பும் தணிகின்றன.

தடித்து இறுகிய தழும்புக்குக் கார்பன் டை ஆக்சைடு லேசர். இதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கண்டுபிடித்தவர், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்த குமார் படேல். கண்ணுக்குப் புலப்படாத இந்த ஒளியைத் தோலிலுள்ள நீர் உறிஞ்சி நொடியில் ஆவியாகிறது. தொடக்கத்தில் தோலின் மேற்பரப்பு முழுவதையும் இதைக் கொண்டு சீவினார்கள். புண் ஆற நாளானது, புதுத் தழும்பு விழும் ஆபத்தும் இருந்தது. ஒளியைப் புள்ளி புள்ளியாகப் பிரித்துச் செலுத்தும் முறை 2004-இல் விளக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது.

இந்தச் சிகிச்சையின் அழகே அந்தப் புள்ளிகளில்தான் இருக்கிறது. முடியளவு மெல்லிய துளைகள் தழும்புக்குள் சில மில்லிமீட்டர் வரை இறங்குகின்றன. தடித்த தழும்பில், ஒரு சுற்றில் துளைபடுவது பரப்பில் ஏறத்தாழ 5 சதவீதமே. சுற்றியுள்ள நல்ல செல்கள் அவற்றைச் சில நாட்களில் மூடிவிடுகின்றன. அதன்பின் உடல் பழைய நார்களைக் கரைத்து, புதியவற்றை ஒழுங்காக நெய்யத் தொடங்குகிறது. பலகைபோல் இறுகிக் கிடந்த தோலைச் சில மாதங்களில் விரலால் கிள்ளி எடுக்க முடிகிறது. துளைகள் மூடும் முன்பே ஸ்டீராய்டு மருந்தை அவற்றின்மேல் தடவினால், ஊசி போடாமலே ஆழத்துக்குப் போய்ச் சேர்கிறது.

மரத்துப்போகும் களிம்பு பூசி, கண்களுக்குக் கவசம் வைத்துச் சிகிச்சை தொடங்குகிறது. சிறு குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மயக்க மருந்து தேவைப்படும். பிறகு சில நாட்கள் வரிவரியாகப் பழுப்புப் பொருக்குப் புள்ளிகள் தெரியும். அவற்றைப் பிய்க்கக் கூடாது. நான்கு முதல் எட்டு வார இடைவெளியில் பலமுறை செய்ய வேண்டியிருக்கும்.

நம் மாநிறத் தோலுக்குத் தனிக் கவனம் தேவை. சக்தியும் புள்ளிகளின் நெருக்கமும் மிகுந்தால் சிகிச்சை பட்ட இடம் கறுத்துவிடும். அளவைக் குறைத்து வைப்பதும் வெயில் படாமல் காப்பதும் கட்டாயம். அனுபவமுள்ள பிளாஸ்டிக் அறுவை நிபுணரிடமோ தோல் மருத்துவரிடமோதான் இதைச் செய்துகொள்ள வேண்டும். அழகு நிலையத்தில் அல்ல.

தழும்பை லேசர் முற்றிலும் அழித்துவிடாது. கருகிப்போன வியர்வைச் சுரப்பிகளை மீட்டுத் தராது. மூட்டையே மடக்கிவிட்ட கடும் இறுக்கத்துக்கு அறுவை சிகிச்சைதான் வழி. ஆனால் காலம் கடந்துவிட்டதே என்று யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பல ஆண்டுப் பழைய தழும்பும் இந்தச் சிகிச்சையில் இளகுகிறது.