கலவை ஒன்று, காந்தப் பண்பு பல
(திருவனந்தபுரத்தில் மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் ஆற்றிய உரை)



காந்தத்தை அளப்பது திருவனந்தபுரத்திற்குப் புதிதன்று. 1852ஆம் ஆண்டு இங்குள்ள வானாய்வு நிலையத்தின் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன், அகத்தியமலையிலும் ஒரு நிலையம் அமைத்துப் புவிக்காந்த மாறுதல்களைக் குறித்து வந்தார். காந்த நடுக்கோட்டின் அருகே அமைந்திருப்பதனால்தான் தும்பா ராக்கெட் தளமாயிற்று. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் எழுந்தது. இந்நகரில், இன்றைய காந்த உணர்விகள் பலவற்றுக்கு உயிரான ஒரு பொருளைப் பற்றிப் பேச விழைகின்றேன். அதுவே கலப்புலோக மென்படலம்.

ஏறத்தாழ 80 பங்கு நிக்கலும் 20 பங்கு இரும்பும் சேர்ந்தது பெர்மலாய். காந்தப்புலத்தின் திசைக்கேற்ப அதன் மின்தடை சிறிது மாறும். கைப்பேசியின் திசைகாட்டிகள் பலவும் இப்பண்பைக் கொண்டே இயங்குகின்றன. ஆனால், கலவையின் விகிதத்தை மட்டும் அறிந்தால் படலத்தின் காந்தப் பண்பை அறிந்துவிட முடியுமா? முடியாது. அது எவ்வாறு படிந்தது என்பதையும் அறிதல் வேண்டும்.

வெற்றிடக் கலத்தில் உலோகத்தை ஆவியாக்கியோ, ஆர்கான் அயனிகளால் மோதித் தெறிக்கச் செய்தோ கண்ணாடி அல்லது சிலிக்கான் தளத்தின்மேல் படியவைக்கின்றனர். அப்போது தளத்தை ஒட்டி ஒரு காந்தப்புலத்தை நிறுவினால், படலம் அத்திசையிலேயே எளிதில் காந்தமாகும் இயல்பைப் பெறுகிறது. 1955இல் பிளாய்ஸ் என்பார் இதனை வெளியிட்டார். அணுக்கள் சாய்வாக வந்து விழுந்தாலோ, முன்பே படிந்த மேடுகளின் நிழலில் இடைவெளிகள் தோன்றி, நாம் வேண்டாத வேறொரு திசை அமைந்துவிடக் கூடும்.

ஆர்கானின் அழுத்தம் அடுத்த காரணி. அழுத்தம் குறைந்தால் அணுக்கள் வேகத்துடன் வந்து நெருக்கமாகப் படிகின்றன. படலத்தில் அமுக்கத் தகைவு எழுகிறது. அழுத்தம் மிகுந்தால் அணுக்கள் வழியிலேயே மோதி ஆற்றலை இழக்கின்றன. படலம் தளர்ந்து, இழுவிசைத் தகைவுக்கு உட்படுகிறது. நிக்கல் விகிதம் சற்றுப் பிறழ்ந்தாலும் இத்தகைவு காந்தப் பண்பைத் திரித்துவிடும். தளத்தின் வெப்பநிலை உயர்ந்தால் படிகத் துகள்கள் வளர்கின்றன. இங்குள்ளது போன்ற ஈரக் காற்றில் கலத்தைத் திறந்தால், சுவர்களில் ஒட்டும் நீராவி பின்னர் இரும்பை ஆக்சைடாக்கக் கூடும்.

1988இல் ஃபெர்ட், குரூன்பெர்க் ஆகிய இருவரும் தனித்தனியே கண்டறிந்த பெருங்காந்தத் தடை விளைவு, இரும்பு, குரோமியம் ஆகியவற்றின் மிக மெல்லிய அடுக்குகளில் வெளிப்பட்டது. சில அணு அடுக்குகள் கூடினாலும் குறைந்தாலும் அவ்விளைவு மாறும். 2007இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிட்டியது. நம் அண்மையில், கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இரும்பு–நிக்கல் படலங்களை வெப்பத்தால் பதப்படுத்தி, மேற்பரப்பின் கரடுமுரடும் காந்தப் பண்பும் மாறும் வகையை ஆராய்ந்துள்ளனர்.

இதனால் பெறப்படுவது யாது? கருவியை விலைக்கு வாங்கலாம். செய்முறையைப் பயின்றே பெற வேண்டும். கொள்முதல் ஆணையில் கலவை விகிதத்தை மட்டும் எழுதுவது போதாது. படலத்தின் தடிப்பு, எளிய காந்தத் திசை, காந்தத்தை நீக்கத் தேவையான புலம் ஆகியவற்றையும் வரையறுக்க வேண்டும். வெற்றிடக் கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே தடையற்ற மின்சாரத்துக்கும், அதனை இயக்கும் தேர்ந்த பணியாளருக்கும், பழுது பார்ப்புக்கும் வழிசெய்தல் வேண்டும். பணியாளர் மாறியதும் செய்முறை மறைந்துபோகும் ஆய்வகம் ஒவ்வோர் ஆண்டும் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

மாணவர்களுக்கு ஒரு சொல்: அழுத்தம், வெப்பநிலை, படியும் வேகம், தளத்தின் தூய்மை ஆகிய அனைத்தையும் ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். தவறிப்போன படலத்தின் குறிப்பையும் கிழித்தெறியாதீர்கள். நன்றாக அமைந்த படலத்தை மறுமுறையும் அவ்வாறே ஆக்க முடிந்தால்தான் அது தொழில்நுட்பமாகும். அதற்கு அக்குறிப்பேடே துணை.