ஒப்பமிடுவதற்கு முன்: பழங்குடி நிலமும் அயல்நாட்டுக் கொடையாளரின் பொறுப்பும்

அயல்நாட்டுக் கொடையாளர் என்று இவ்வுரை குறிப்பிடுவோர் மூவகையினர்: குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் தரும் உலக வங்கி போன்ற பன்னாட்டு நிறுவனங்கள், ஓர் அரசு பிற அரசுகளுக்கு உதவிக்கடன் வழங்குவதற்கென்றே ஏற்படுத்திக்கொண்ட முகமைகள், நெடுங்காலம் வாங்கும் இடத்தில் இருந்து, இன்று கொடுக்கும் இடத்துக்கும் வந்துவிட்ட இந்தியா போன்ற நாடுகள். இவர்களுடைய பணத்தில் எழும் அணையோ ஆலையோ பழங்குடி மக்களின் நிலத்தைப் பறிக்குமானால் அதை எதிர்க்கும் பொறுப்பு இவர்களுக்கு உண்டு என்பதை இன்று வெளிப்படையாக மறுப்போர் குறைவு. அப்பொறுப்பு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் வழக்கு. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன்பே அது தொடங்குகிறது என்பதும், கையெழுத்திட்ட பின் பணத்தை நிறுத்திக்கொண்டு விலகுவதால் அது தீர்ந்துவிடுவதில்லை என்பதும் இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

இதற்கு நர்மதை ஆற்றின் சர்தார் சரோவர் அணையைவிடத் தெளிவான இந்தியச் சான்று இல்லை. குஜராத், மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம் ஆகிய மூன்று மாநிலங்களில் 245 ஊர்களைத் தொடும் நீர்த்தேக்கத்தைக் கொண்ட அத்திட்டத்துக்கு, நர்மதை நீர்த் தகராறு நடுவர் மன்றம் 1979இல் தீர்ப்பளித்து வழி திறந்தது. உலக வங்கி 1985இல் 45 கோடி டாலர் கடனுக்கு ஒப்பமிட்டது. நிலத்தை இழப்போருக்கு நிலமே தரப்பட வேண்டும் என்று நடுவர் மன்றம் கூறியிருந்தது உண்மை. ஆனால், நிலம் உடையவர் யார் என்பதை வருவாய்த் துறையின் ஏடுகளே முடிவு செய்தன. அம்மலைகளில் பில், பிலாலா, வசாவா, தட்வி குடும்பங்களின் உழவு இருவகை நிலங்களில் நடந்துவந்தது. ஆற்றோரத்து வயலுக்குப் பெரும்பாலும் தந்தை அல்லது பாட்டன் பெயரில் பட்டா இருந்தது. சரிவில் காட்டைத் திருத்தி உழுத, ‘நேவாட்’ எனப்படும் நிலத்துக்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. வனத்துறை விதித்த அபராதத்துக்கான ரசீதுதான், பல குடும்பங்களுக்கு அந்நிலத்தைத் தாங்கள் உழுததற்குக் கையில் இருந்த ஒரே ஆவணம்! மூன்று தலைமுறையாக உழுதவரும் சட்டத்தின் கண்ணில் ஆக்கிரமிப்பாளரே. நிலமற்றவர்க்கும் ஆக்கிரமிப்பாளர்க்கும் 2 ஹெக்டேர் தர 1987இல் குஜராத் முன்வந்தது. மற்ற இரு மாநிலங்களும் அந்த அளவுக்கு வரவில்லை.

பட்டா இல்லாத உழவு பழங்குடிப் பகுதிகளில் இயல்பானது என்பதை உலக வங்கி அறியாதிருந்ததாகச் சொல்ல முடியாது. தான் கடன் தரும் திட்டங்களில் பழங்குடியினரின் நிலப் பிடிமானம் காக்கப்பட வேண்டும் என்ற கொள்கையை அது 1982இலேயே வகுத்திருந்தது. கொள்கை அலமாரியில் இருக்க, மீள்குடியமர்த்தும் திட்டம் முழுமையாகக் கைக்கு வருமுன்பே மூன்றாண்டுகளில் ஒப்பம் விழுந்தது. ஊர்களில் எதிர்ப்பு வலுத்த பின், 1991இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் முன்னாள் தலைவர் பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையில் ஒரு தற்சார்பு ஆய்வுக் குழுவை வங்கி அமர்த்தியது. அக்குழுவில் மோர்ஸுக்கு அடுத்த நிலையில் இருந்தவர் கனடாவின் முன்னாள் நீதிபதி தாமஸ் பெர்கர். மெக்கன்சி பள்ளத்தாக்கு எரிவாயுக் குழாய்த் திட்டத்தை விசாரித்து, அங்குள்ள தொல்குடியினரின் நில உரிமைகள் தீர்க்கப்படும்வரை பத்தாண்டுகளுக்குக் குழாய் பதிக்கக் கூடாது என்று 1977இல் பரிந்துரைத்தவர். முதலில் நிலம், பிறகு திட்டம் என்ற அந்த வரிசை இங்கே தலைகீழாகியிருந்தது. 1992 ஜூனில் வெளியான அறிக்கை, அன்றைய நிலையில் எல்லோரையும் முறையாக மீள்குடியமர்த்துவது இயலாது என்றும், அந்நிலைக்குக் கடன் வாங்கியவரோடு வங்கியும் பொறுப்பு என்றும் கூறி, வங்கி பின்வாங்க வேண்டும் என்றது. தன்னை அமர்த்திய நிறுவனத்தையே இவ்வளவு நேரடியாகக் குற்றம் சாட்டிய அறிக்கைகள் அரிது.

பின்வாங்கல் நடந்த விதமே கவனிக்கத்தக்கது. விசையாழிகளுக்குக் கடன் தந்த ஜப்பான், உள்நாட்டு அமைப்புகளின் வற்புறுத்தலால் 1990இலேயே விலகியிருந்தது. வங்கியின் இயக்குநர் குழுவோ, அமெரிக்கா, ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகளின் பிரதிநிதிகள் எதிர்த்தும், 1992 அக்டோபரில் நிபந்தனைகளோடு கடனைத் தொடர முடிவெடுத்தது. 1993 மார்ச்சில் எஞ்சிய கடன் வேண்டாம் என்று இந்திய அரசே அறிவித்துவிட்டது. அணை நிற்கவில்லை. உள்நாட்டுப் பணத்தில் அது உயர்ந்தது. மகாராஷ்டிரத்தின் மணிபேலி போன்ற ஊர்கள் நீரில் மூழ்கின. 2000இல் உச்ச நீதிமன்றம் பணி தொடர இசைவளித்தது. கடன் கொடுத்தவரிடம் எதைக் கேட்கவும் செல்வாக்கு இருந்தது ஒப்பமிடாத நாளில்தான். அதை விட்டுவிட்டுப் பிறகு நிபந்தனை பேசியது, தும்பை விட்டு வாலைப் பிடித்த கதையே. விலகியதால் கொடையாளரின் பெயர் ஓரளவு காக்கப்பட்டிருக்கலாம். நேவாட் உழுதவரின் நிலம் காக்கப்படவில்லை.

முன்நிபந்தனைகள் நடைமுறைக்கு ஒவ்வாதவை என்ற வாதத்துக்கு ஆடை ஏற்றுமதி ஊரான திருப்பூரே மறுப்பு. சில அசோ சாயங்களுக்கு ஜெர்மனி 1994இல் தடை விதித்தபோது, ஆர்டர் உறுதியாகும் முன்பே சாயத்தைப் பற்றிய கேள்வி வந்தது, சாயப்பட்டறைகள் மாறின. ஆர்கானிக் ஆடை ஏற்றுமதியில் ‘டி.சி.’ எனப்படும் பரிவர்த்தனைச் சான்றிதழ், நூல் எந்த ஆலையினது, பஞ்சு எந்த ஜின்னிங் ஆலையிலிருந்து வந்தது என்று ஒவ்வொரு கைமாற்றத்தையும் எடையோடு பின்தொடர்கிறது. கொங்கு வட்டார நூற்பாலைகள் விரும்பி வாங்கும் சங்கர்-6 ரகப் பருத்தி குஜராத்தில் விளைவது. நர்மதைக் கால்வாய் பாயும் வயல்களின் விளைச்சலும் அதில் கலந்தே வருகிறது. அந்த நீருக்காக யாருடைய நிலம் மூழ்கியது என்பது மட்டும் எந்தச் சான்றிதழின் வரம்புக்குள்ளும் வருவதில்லை.

திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயும் நிலம் யாருடையது என்ற இக்கேள்வி உண்டு. உடுமலைக்குத் தெற்கே ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் குருமலை, தளிஞ்சி, மாவடப்பு முதலிய குடியிருப்புகளில் புலையரும் முதுவரும் வாழ்கின்றனர். தமிழகத்தின் காடு வளர்ப்புக்கு 1997 முதல் கடன் தந்தது, நர்மதையிலிருந்து விலகிய அதே ஜப்பானிய உதவிக்கடன் அமைப்பு. 2011இல் தொடங்கிய பல்லுயிர்ப் பாதுகாப்பு, பசுமையாக்கல் திட்டத்துக்கும் ஜப்பானின் பணமே. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்வோரின் உழவு நிலத்துக்கும் கூட்டு உரிமைகளுக்கும் ஏற்பளிப்பது. தமிழகத்திலோ சென்னை உயர் நீதிமன்றத்தின் 2008ஆம் ஆண்டு இடைக்கால ஆணையால் உரிமைப் பட்டா வழங்கல் முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பின்பே வழி பிறந்தது. மரம் நடுவது அணை கட்டுவது போன்றதன்று என்பது சரியே. ஆயினும் பட்டா நிலுவையில் உள்ள காட்டுக்குக் கடன் தருபவர், கன்றுகளின் எண்ணிக்கைக்கு முன் கேட்க வேண்டியது அந்த நிலுவையைப் பற்றி.

இன்று இந்தியாவும் கொடையாளரின் நாற்காலியில் அமர்ந்திருக்கிறது. எத்தியோப்பியாவின் ஆவாஷ் ஆற்றுச் சமவெளியில், கோடைக்காலத்தில் அஃபார் மேய்ப்பர்களின் மந்தைகளைத் தாங்கிவந்த டெண்டாஹோ நிலத்தை 1960களில் பிரிட்டிஷ் நிறுவனம் ஒன்றின் பருத்தித் தோட்டம் எடுத்துக்கொண்டது. அதே டெண்டாஹோவில் எழுந்த சர்க்கரைத் திட்டம், 2007இல் இந்தியாவின் எக்ஸிம் வங்கி எத்தியோப்பியச் சர்க்கரைத் தொழிலுக்கு அளித்த 64 கோடி டாலர் கடன் வரிசையில் அடங்கியது. நர்மதைப் போராட்டத்தின் விளைவாக உலக வங்கி 1993இல் ஏற்படுத்திய முறையீட்டு ஆய்வுக் குழுவிடம், பாதிக்கப்பட்டவர்கள் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ சேர்ந்து நேரே முறையிடலாம். எக்ஸிம் வங்கியிடம் அஃபார் மேய்ப்பர் சென்று தட்டுவதற்கு அத்தகைய கதவு 2007இல் இருக்கவில்லை. இந்திய மலைவாழ் மக்கள் போராடிப் பெற்ற அந்தக் கதவை, இந்தியப் பணம் போகும் இடங்களில் திறந்து வைக்குமாறு டெல்லியைக் கேட்பதற்கு, ஏற்றுமதி ஊரான திருப்பூருக்கு மற்ற எந்த ஊரையும்விடக் காரணம் கூடுதல்.