உறைந்த தோளும் அதற்குரிய அப்பியாசமும்
(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



நம் சரீரத்திலுள்ள மூட்டுகளுள் எத்திசையிலும் மிகுதியாய் அசையவல்லது தோள்மூட்டு. அது செவ்வனே இயங்குங்கால் அதன் அருமையை நாம் நினைப்பதில்லை. என் தமக்கையார் தமது 52-ம் வயதில் அதனை அறிந்தார். கூந்தலை முடியக் கை எழும்பவில்லை. இரவில் அப்பக்கம் சாய்ந்து படுக்கவும் வலி இடங்கொடுக்கவில்லை. எனினும், வீட்டு வேலைக்கு அஞ்சுகிறாள் என்று பிறர் சொல்வரோவென ஐந்து மாதம் வாய் திறந்தாரில்லை. பின்பு அவரை எலும்பு கட்டுகிற ஒருவரிடம் வற்புறுத்தி அழைத்துச் சென்றவன் நானே. அவர் கையைப் பற்றி முறுக்கி இழுத்தார். அன்றிரவு தமக்கையார் அழுத அழுகையை இன்னும் மறந்தேனில்லை. அத்தகைய பிழை உங்கள் இல்லங்களில் நிகழாதிருத்தற் பொருட்டே இங்குப் பேசத் துணிந்தேன்.

'உறைந்த தோள்' எனப் பொருள்படும் பெயரை 1934-ம் வருஷத்தில் இந்நோய்க்கு இட்டவர் பாஸ்டன் நகரத்து இரண வைத்தியராகிய காட்மன் என்பவர். மூட்டைச் சூழ்ந்த உறை தடித்துச் சுருங்குவதை 1945-ல் நெவியாசர் என்னும் வைத்தியர் எடுத்துக்காட்டினார். பெரும்பாலும் 40 முதல் 60 வயதுக்குள் வருவது. ஆடவரினும் பெண்டிர்க்கு மிகுதி. நீரிழிவுள்ளோர்க்கு இன்னும் மிகுதி. முதலில் வலி மிகும். அடுத்து வலி தணிந்து இறுக்கம் நிற்கும். கடைசியில் இறுக்கம் மெல்லத் தளரும். இம்மூன்றும் கழிய ஒன்று முதல் மூன்று வருஷம் ஆவதுண்டு. ஆதலின் பொறுமையே முதல் மருந்து.

இனி அப்பியாசங்களைக் கூறுவேன். முதலில் தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்க. நல்ல கையை மேசைமேல் ஊன்றி முன்குனிந்து, நோயுள்ள கையைத் தளரத் தொங்கவிட்டு, சிறு வட்டமாக அசைப்பது ஒன்று. சுவரெதிரே நின்று விரல்களால் படிப்படியாக மேலேறுவது இரண்டு. முழங்கையை விலாவோடு சேர்த்து மடக்கி, இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து, நல்ல கையால் மற்றதை வெளிப்புறமாக மெல்லத் தள்ளுவது மூன்று. முதுகுப்புறம் துண்டைப் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது நான்கு. இது வலி தணிந்த பின்னரே தகும். இழுவை தோன்றலாம், கடும் வலி தோன்றலாகாது. செய்தபின் வலி நெடுநேரம் நிற்குமாயின் அளவைக் குறைத்திடுக.

வலிந்து முறுக்கினால் விரைவில் குணமாகுமென்பது நம்மவருள் பலர் கொண்ட எண்ணம். நெதர்லாந்து தேசத்தில் 77 பேரை இரண்டு வருஷம் கவனித்து 2004-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வலியெல்லைக்குள் அப்பியாசஞ் செய்தவருள் நூற்றுக்கு 89 பேரும், வலியை மீறிச் செய்விக்கப்பட்டவருள் நூற்றுக்கு 63 பேரும் ஏறக்குறைய இயல்பான தோளைப் பெற்றனர். இஃதொன்றே முடிந்த முடிபன்று; எனினும் நமக்கு நல்ல எச்சரிக்கை. பிரிட்டனில் 503 நோயாளிகளைக் கொண்டு நடந்து 2020-ல் வெளியான ஆராய்ச்சியோ, மூட்டில் ஊசி மருந்துடன் கூடிய முறையான அப்பியாச சிகிச்சைக்கும் இருவகை அறுவை அறைச் சிகிச்சைகளுக்கும் பலனில் பெரும் ஏற்றத்தாழ்வு இல்லையெனக் கண்டது.

எல்லாத் தோள்வலியும் இந்நோயன்று. கீழே விழுந்தபின் கை தூக்க இயலாதாயினும், காய்ச்சலோடு மூட்டு வீங்கினும், நெஞ்சிறுக்கத்தோடு தோள் வலித்தாலும், அப்பியாசத்தை எண்ணாது உடனே வைத்தியசாலைக்கு ஏகவேண்டும்.

தமக்கையாரைப் பின்னர்ப் பரிசோதித்த வைத்தியர் இரத்தத்தையும் சோதிக்கச் சொன்னார். நீரிழிவு இருந்தது, அதுவரை ஒருவரும் அறிந்திலோம். அதற்கு மருந்தும் தோளுக்கு அப்பியாசமுமாகப் பதினாறு மாதம் சென்றன. ஒரு நாட்காலை தம் கூந்தலைத் தாமே முடிந்துகொண்டு வந்து நின்றார். நான் ஒன்றும் பேசவில்லை, அவரும் பேசவில்லை.

அன்பர்களே! இன்று வீடு சென்றதும் உங்கள் தாயாரையும் மனைவியாரையும் தமக்கை தங்கையரையும் நோக்கி, "இரு கைகளும் தலைக்குமேல் எழும்புகின்றனவா?" என்று கேளுங்கள். அவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். கேட்பது நம் கடமை.