பொரிக்காத முட்டையும் பாடம் சொல்லும்

(கருக்களாச்சேரி குழுக் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நாளில் கைச்செலவுக்கு ஒரு வருமானம் வேணும்னு வாத்து வளர்ப்பைத் தேர்ந்தெடுத்திருக்கீங்க. வாத்து அடை உட்கார்றது குறைவு என்பதால் இன்குபேட்டர் வாங்கக் கடனும் கேட்கிறீங்க. நல்லது. ஆனா பொரிக்காம போற முட்டைக்கும் சேர்த்து வட்டி கட்டப் போறது நாமதான்.

முதலில் முட்டையைக் கவனிக்கணும். ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் வாத்து அவசியம். வாத்து விடியறதுக்குள்ள முட்டை போட்டுடும், காலையிலேயே பொறுக்கிடுங்க. சேறு பட்ட முட்டையைப் பச்சைத் தண்ணியில கழுவினா, ஓட்டின் நுண்துளை வழியா கிருமி உள்ளே போயிடும். கூட்டில் காய்ந்த வைக்கோல் போட்டாலே முட்டை சுத்தமா இருக்கும். 7 நாளைக்கு மேல் சேர்த்து வைக்காதீங்க.

கோழி முட்டைக்கு 21 நாள். வாத்து முட்டைக்கு 28 நாள். மஸ்கோவி வகைக்கு மட்டும் 35 நாள் ஆகும். மின்விசிறி உள்ள கருவியில் 37.5 டிகிரி செல்சியஸ் சூடு போதும். 28 நாள் கணக்கில், முதல் 25 நாள் ஈரப்பதம் 55 முதல் 60 சதவீதம். கடைசி 3 நாள் 75 சதவீதம். 25-ஆம் நாள் வரை தினம் 3 தடவையாவது முட்டையைத் திருப்பணும். அப்புறம் திருப்பவும் கூடாது, அடிக்கடி மூடியைத் திறக்கவும் கூடாது. ஓட்டில் விரிசல் கண்ட பிறகு குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். பாவம்னு அவசரப்பட்டு ஓட்டை உரிச்சா ரத்தம் கசிஞ்சு செத்துடும்.

2018 நவம்பரில் கஜா புயலப்போ கரண்ட் இல்லாம தவிச்சது ஞாபகம் இருக்கும். கரண்ட் போனா கருவியைத் திறக்காம கம்பளியால் போர்த்துங்க. காற்றுத் துளையை மட்டும் மூடாதீங்க.

7-ஆம் நாள் இருட்டில் டார்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி ரத்த நாளம் தெரிஞ்சா கரு இருக்கு. 100 முட்டையில் 30 வெறுமையா இருந்தா கருவியைக் குறை சொல்லாதீங்க; ஆண் வாத்தையும் முட்டை சேர்த்து வைச்ச நாளையும் பாருங்க. மீதி 70-இல் பாதிதான் பொரிச்சதுன்னா சூட்டையும் ஈரத்தையும் பாருங்க. 30-ஆம் நாள் வரை பொரிக்காததை உடைச்சும் பாருங்க. முழுசா வளர்ந்த குஞ்சு மேல தோல் காய்ந்து ஒட்டியிருந்தா, பெரும்பாலும் கடைசி நாட்களில் ஈரம் போதலை. நீர் தேங்கி ஊறியிருந்தா ஈரம் அதிகம்.

அதனால் கடன் மனு எழுதும் முன், அடைக்கோழி ஒண்ணுக்குப் பத்து வாத்து முட்டை வச்சுப் பாருங்க. கரு கூடுதான்னு செலவில்லாம தெரிஞ்சிடும். வச்சது, கரு கூடினது, பொரிச்சது என்று மூணு கணக்கையும் குழு நோட்டில் எழுதுங்க. சந்தேகம் வந்தா மாதூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்க. கணக்கு சரியா வந்த பிறகு கருவி வாங்குவோம்.