விஞ்ஞானப் பட்டப் படிப்பு
(சங்கத்தின் வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளையைக் கண்டால் ஹட்டனில் நம்மவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "டாக்டருக்கா, இஞ்ஜினியருக்கா?" இரண்டும் தவறினால் கிடைக்கும் ஆறுதற் பரிசே பி.எஸ்ஸி. என்ற எண்ணம் இங்கு ஊறிவிட்டது. அப்படிப்பையே மேற்கொண்டிருக்கும் நாம் இதை மறுத்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

முதலில் வாசலைச் சொல்வோம். உயர்தரப் பரீட்சையில் பெறும் இசட் புள்ளியைக் கொண்டே அனுமதி. நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 மாவட்டங்களுக்கு, மிகுதி 5 கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நமது நுவரெலியா மாவட்டம் அப்பட்டியலில் உண்டு. அதைப் பெருமை என்பதா, வேறேதும் என்பதா என்று பெரியோர்களே சொல்லுங்கள்!

உள்ளே சென்றால் பொதுப் பட்டத்துக்கு மூன்று ஆண்டு. சிறப்புப் பட்டத்துக்கு நான்கு. ஆண்டொன்றுக்கு 30 கிரெடிட். ஒரு கிரெடிட்டுக்கு 50 மணி நேர உழைப்பு என்பது நாட்டின் தகைமைச் சட்டகம் வகுத்த கணக்கு. ஆகவே ஆண்டுக்கு 1500 மணி. விரிவுரை, ஆய்வுகூடம், நூல்நிலையம், இராக்காலத்துத் தனிப்படிப்பு யாவும் இதில் அடங்கும்.

மலையகப் பிள்ளைக்கு முதல் இடறல் பாடமன்று, மொழி. படிப்பு ஆங்கிலத்தில். 'உந்தம்' என்று எழுதிப் புள்ளி வாங்கிய அதே பொருள் அங்கே 'மொமெண்டம்' என்று வந்து நின்று அயலான் போல் விழிக்கும். 'பிரசாரணம்' 'ஒஸ்மோசிஸ்' ஆகிவிடும். ஆயினும் பொருளை உணர்ந்து படித்தவனுக்குச் சில மாதங்களில் இது தீரும். மனனம் செய்தவனுக்கே நெடுநாள் தொல்லை. இரண்டாவது இடறல் ஆய்வுகூடம். பூட்டிய அலுமாரியின் கண்ணாடி வழியே பியூரெட்டைப் பார்த்த எங்களுக்கு, அதைக் கையில் எடுத்த முதல் நாள் விரல் நடுங்கியது.

இனி, இப்படிப்பால் என்ன பயன் என்பீர்கள். நம் தேயிலையையே பாருங்கள். கொழுந்து வாடி, உருளையில் நசுங்கியதும் இலையின் கலங்கள் உடைகின்றன. அதுவரை தனித்தனியே இருந்த பொலிபீனோல்களும் நொதியமும் கலக்கின்றன, காற்றின் ஒட்சிசன் சேர்கிறது, பச்சை செம்பாகிறது. 'புளிக்க வைத்தல்' என்று நாம் சொன்னாலும் இதைச் செய்வது கிருமியன்று, இது ஒட்சியேற்றம். அடுப்பின் வெப்பம் நொதியத்தை அழித்ததும் மாற்றம் நின்றுவிடுகிறது. எப்போது நிறுத்துவது என்பதைத் தொழிற்சாலையில் நம் பெரியவர்கள் மூக்கால் அறிந்திருந்தனர். அம்மூக்குக்குத் தெரிந்ததன் காரணத்தைச் சொல்வதே இரசாயனவியல்.

1869இல் வந்த இலைத்துரு நோய் இந்நாட்டின் கோப்பிப் பயிரை வீழ்த்தியது. அதை ஆராய்ந்த மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வாழ்வை விளக்கினாரேயன்றிப் பயிரைக் காக்க இயலவில்லை. 1946இல் தேயிலைக்குக் கொப்புள நோய் வந்தபோதோ, 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருந்தது, தேயிலை பிழைத்தது. அந்நிலையம் நம் தலவாக்கலையில், சென்ட் கூம்ஸ் தோட்டத்தில்தான் இருக்கிறது. அதன் வாசலைக் கடந்து எத்தனை தலைமுறை கொழுந்து சுமந்தது! ஆய்வுகூடத்துக்குள் நம் பிள்ளைகள் போவதற்கு வேண்டிய படிப்பே இந்த 'ஆறுதற் பரிசு'.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். முதலிரு ஆண்டுகளில் நன்றாகச் செய்தவரையே நான்காம் ஆண்டுக்குத் தெரிவு செய்வார்கள். ஆராய்ச்சி என்பதைப் பிள்ளை முதன்முதலாகத் தொடுவது அவ்வாண்டில்தான். "மூன்று வருஷம் போதும், உழைக்க வா" என்று அழைத்துவிடாதீர்கள். வீட்டு நிலை நாம் அறியாததன்று. லயத்து அறையில் இன்னும் இரு பிள்ளைகள் படிக்கக் காத்திருப்பர். மகாபொல நிதியும் பிற உதவியும் முழுச் செலவுக்குப் போதா. அந்த ஓராண்டுப் பாரத்தில் ஒரு பங்கை இச்சங்கம் ஏற்குமா என்று தலைவர் அவர்களை இச்சபை முன்னே கேட்கிறோம்.

உயர்தரத் தோழர்களே, விண்ணப்பத்தில் பாடநெறிகளை எழுதும் வரிசையே உங்கள் இடத்தைத் தீர்மானிக்கும். பெறுபேறு வந்ததும் மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலுடன் இம்மண்டபத்துக்கு வாருங்கள். விடுமுறையில் வரும் நாங்கள் உடனிருந்து நிரப்பித் தருவோம்.