பாதம் பிடித்துவிடுதலும் மாதர் துயரும்

ஆடவர் கூட்டத்தில் பேசக் கூசும் பொருள் இது, ஆயினும் கூறுகின்றோம். மாதவிலக்கிற்கு முந்திய சில நாட்களில் பெண்கள் பலருக்கு வயிற்று உப்பசம், தலைநோவு, மார்பில் வலி, காரணமறியாச் சினம் ஆகியவை தோன்றுகின்றன. நாமோ அதனைச் சிடுசிடுப்பு என்று ஏசிவிடுகின்றோம்.

பாதத்தின் ஒவ்வோரிடத்திற்கும் உள்ளுறுப்பொன்றுடன் தொடர்புண்டெனக் கொண்டு, அவ்விடங்களை விரலால் அழுத்தும் முறையை 1930-களில் அமெரிக்காவில் யூனிஸ் இங்ஹாம் என்னும் அம்மையார் வகுத்தார். அந்நாட்டில் 1993-இல் வெளியான ஆய்வொன்றில், 35 பெண்களுள் ஒரு சாராருக்குச் செவி, கை, பாதம் ஆகியவற்றில் வாரம் அரைமணி வீதம் எட்டு வாரம் அழுத்தினர். மற்றவர்க்குத் தொடர்பற்ற இடங்களில் அழுத்தினர். முன்னவர்க்கே துன்பம் மிகுதியாகக் குறைந்தது. எனினும் 35 பேர் சிறு தொகையே. உறுப்புத் தொடர்போ மெய்ப்பிக்கப்படவில்லை. ஆகவே, இதனால் நோயைத் தீர்ப்பதாகக் கூறிப் பணம் கேட்போரிடம் ஏமாறலாகாது.

ஆனால், நாளெல்லாம் சேற்றில் நின்று களை பறித்த கால்களை வெந்நீரில் கழுவி, நல்லெண்ணெய் தடவிப் பிடித்துவிடுவதற்குச் செலவு ஏது? அந்நாட்களில் தண்ணீர்க் குடத்தை ஆண்கள் சுமந்தாலும் குறைவொன்றுமில்லை. காலில் புண்ணோ வீக்கமோ இருப்பின் அழுத்த வேண்டா. மாதந்தோறும் துன்பம் வேலையைக் கெடுக்குமாயின், ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் செல்லுங்கள்.