லயத்து ஓடையும் கடல் மீனும்

ஏற்பாட்டுக் குழுவினருக்கும், கட்டுரை படைக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்கும், ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் வட்டாரத் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்கும், அழைப்பை ஏற்று உஜோங் பாசீரிலிருந்து வந்திருக்கும் மீனவ நண்பர்களுக்கும் என் நன்றி.

கரையோர மீன்வளத்தைப் பற்றிய கருத்தரங்குக்குத் தோட்டத்தில் பிறந்தவனை ஏன் தலைமை தாங்க அழைத்தார்கள் என்று உங்களில் சிலர் யோசித்திருப்பீர்கள். நானும் யோசித்தேன். மலாக்காத் தமிழர்களில் வலைவீசிப் பிழைத்தவர்கள் குறைவு. தான் சாய் யான் என்பவர் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அதன் பின் இந்த மாநிலமெங்கும் எழுந்த தோட்டங்களுக்குத்தான் நம் பாட்டன்மார் வந்து சேர்ந்தார்கள். கடல் நமக்குச் சந்தையில் வாங்கும் கெம்போங் மீன், அவ்வளவுதான் உறவு. அதனால் கடலுக்கு வந்த நோயை அடுத்த வீட்டு நோயாகவே பார்த்துப் பழகிவிட்டோம். அந்த நோயில் ஒரு பங்கு நாம் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் ஓடிய தண்ணீரில் போனது. இன்று நான் சொல்ல வந்தது அதைத்தான்.

1970களின் தொடக்கம். ஜாசின் பக்கம் எங்கள் தோட்டத்தில் ரப்பர் ஆலைக்குக் கீழே ஓர் ஓடை. ஷீட் கழுவிய தண்ணீர் திறந்துவிடும் நாளில் அது வெள்ளையாக ஓடும். பால் புளித்த நாற்றமும் அமில நெடியும் லயம் வரை வரும். சற்று நேரத்தில் சிறு மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பிள்ளைகள் நாங்கள் கையாலேயே அள்ளுவோம். அம்மா அவற்றைச் சட்டியில் போட விட்டதில்லை. விராலும் கெளுத்தியும் மட்டும் தப்பிவிடும். அவை நீருக்கு மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன்கள் என்பதை நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன். மற்றவை மூச்சுத் திணறிச் செத்தன.

அந்தத் திணறலுக்கு ஒரு கணக்கு உண்டு. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தூய நீரில் சுமார் 8 மில்லிகிராம் உயிர்வளிதான் கரைந்திருக்கும். கழிவு கலந்தால் அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அந்த உயிர்வளியைத் தின்னத் தொடங்கும். சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவு ஒரு லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம் உயிர்வளி கேட்கும். வகுத்துப் பாருங்கள். ஒரு லிட்டர் கழிவு, மூவாயிரம் லிட்டர் ஆற்றுநீரின் மூச்சைக் குடித்துவிடும்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. செம்பனை ஆலைகளுக்கு 1977இலும் ரப்பர் ஆலைகளுக்கு 1978இலும் தனி விதிகள் வந்தன. செம்பனை ஆலைக் கழிவின் உயிர்வளித் தேவைக்கு முதலில் லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை ஆண்டுக்காண்டு இறுக்கி, 1984இல் 100க்குக் கொண்டுவந்தார்கள். அந்த வேலையைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ஆலைக்குழாய் ஓரிடத்தில் நிற்கிறது, அதைக் காவல் காக்கலாம். மழையோடு மலைச்சரிவெங்கும் வழிந்தோடும் உரத்தையும் களைக்கொல்லியையும் எந்தக் குழாயில் பிடிப்பது?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியின் கதை இந்த அவைக்குப் புதிதல்ல. முதுகில் தோம்பைச் சுமந்து அதைத் தெளித்தவர்களில் பெரும்பாலோர் நம் தாய்மார்கள். நகம் கழன்றவர்களையும் மூக்கில் ரத்தம் வந்தவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். 2002இல் அரசு அதைத் தடைசெய்ய முடிவெடுத்தது. 2006இல் தடை தளர்ந்தது. முழுத் தடை 2020 ஜனவரியில்தான் வந்தது. அந்த மருந்து களிமண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும். மண் அரித்து ஆற்றுக்குப் போனால் மருந்தும் கூடவே போகும். தெளித்தவருக்கு ஆகாதது ஆற்றுக்கும் ஆகாது என்று அன்றே உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இந்த மண் எங்கே போய் நிற்கிறது? மேற்கே லிங்கி, நடுவில் மலாக்கா ஆறு, கிழக்கே கெசாங். தோட்டங்களையும் ஊர்களையும் தொட்டு வரும் நீர் இந்த ஆறுகளின் முகத்துவாரங்களில்தான் கடலைத் தொடுகிறது. மீன்குஞ்சுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் அதுதான் தொட்டில். அலையாத்தி வேர்களுக்கிடையே, உப்பும் நன்னீரும் கலந்த கலங்கல் நீரில்தான் அவை வளர்கின்றன. பெரிய மீன் மாசைக் கண்டால் விலகிப் போகும், குஞ்சுக்குப் போக்கிடமில்லை. வண்டல் அதன் செவுளில் படிந்தாலே மூச்சு முட்டும். அதனால்தான் மாசு பெரும்பாலும் செத்த மீனாகக் கரை ஒதுங்குவதில்லை. இரண்டு மூன்று ஆண்டு கழித்து வலையில் வராத மீனாகவே தெரியவரும்.

உரம் கடலில் பாசிக்கும் உரம். செபாத்துக் கடலோரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1991இல் அங்கே வளர்த்த பச்சைச் சிப்பியை, நாம் கூப்பாங் என்போமே, அதைத் தின்ற மூவர் நோயுற்றார்கள். தீபகற்பத்தில் பதிவான முதல் சிப்பி நச்சு நிகழ்வு அதுதான். அலெக்சாண்ட்ரியம் என்ற நுண்பாசியின் நஞ்சு அது, வேகவைத்தாலும் போகாது. சிப்பி நாள் முழுக்க நீரை வடிகட்டித் தின்னும் உயிர், நீரில் இருப்பதெல்லாம் அதன் சதையில் சேரும். அந்தப் பாசி ஏன் பெருகியது என்பதற்கு நீரோட்டம், வெப்பம், உரச்சத்து என்று பல காரணங்கள் பேசப்படுகின்றன. ஒன்றை மட்டும் குற்றவாளியாக்கும் அவசரம் ஆய்வாளனுக்கு ஆகாது.

நகரத்துப் பக்கம் வேறு கதை. ஒரு காலத்தில் போர்த்துகீசியர் கோட்டையருகே அலை அடித்தது. இன்று கோட்டை வாசலிலிருந்து கடலுக்குப் போக, தூர்த்த நிலத்தில் எழுந்த பேரங்காடிகளைத் தாண்டி நடக்க வேண்டும். உஜோங் பாசீர் மீனவர்கள் இரண்டு நீண்ட கழிகளில் கட்டிய வலையை மார்பளவு நீரில் தள்ளிக்கொண்டே நடந்து கெராகாவ் கூனி பிடிப்பார்கள். நம் பெலாச்சானும் சிஞ்சாலோக்கும் அந்தக் கூனிதான். நிலம் தூர்த்த பிறகு கரையில் சேறு ஏறியது, படகு தட்டுகிறது, கூனி குறைந்தது என்கிறார்கள் அவர்கள். அது மனக்குறையாகப் பேசி முடிய வேண்டிய பேச்சல்ல, பதிவாக வேண்டிய சாட்சியம். இழுவைப் படகுகள் அளவுக்கு மீறி வாரியதையும், நீரிணையில் போகும் கப்பல்களின் எண்ணெயையும் அடிச்சாயத்தையும் கணக்கில் சேர்க்காமல் எந்தத் தீர்ப்பும் நியாயமாகாது.

கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவைகளால் ஆனது: கரைந்த உயிர்வளி, இரண்டு வகை உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திடப்பொருள், அமில-காரத் தன்மை. களைக்கொல்லியும் கன உலோகமும் அதில் இல்லை. ஆகவே ‘சுத்தம்’ என்று பெயர் வாங்கிய ஆறு மீனுக்குச் சுத்தம்தானா என்ற கேள்வியை ஒவ்வொரு கட்டுரையிலும் கேளுங்கள். ஆற்றை ஆய்பவர் ஓர் அறையிலும் கடலை ஆய்பவர் இன்னோர் அறையிலும் உட்கார வேண்டாம். லிங்கியைப் பற்றிய அமர்வில் மலையடியும் முகத்துவாரமும் ஒன்றாகவே பேசப்படட்டும்.

ஆசிரியர்களிடம் இன்னொன்று. பள்ளிக்குப் பின்னால் ஓடும் ஓடைக்கு ஒரு நோட்டுப்புத்தகம் போடுங்கள். நீரின் நிறம், மணம், மழை பெய்த நாள், கண்ணில் பட்ட மீன். பிள்ளைகள் வாரம் ஒருமுறை எழுதினால் போதும். பத்தாண்டு கழித்து அதைவிட நல்ல ஆவணம் எந்த அலுவலகத்திலும் இருக்காது.

வழக்கப்படி தலைமையுரை முடிந்ததும் முதல் கட்டுரை வர வேண்டும். இன்று அதை மாற்ற அவையின் அனுமதி கேட்கிறேன். முதலில் உஜோங் பாசீர் மீனவர் ஒருவர் பேசட்டும். எந்த மாதம் எந்த மீன் வந்தது, எந்த ஆண்டு வராமல் போனது என்று அவருக்குத் தெரியும். எந்த மாதம் உரம் போட்டோம், எந்த மழைக்கு முன் மருந்தடித்தோம் என்று தோட்டத்தில் உழைத்த நம் பெரியவர்களுக்குத் தெரியும். அவர் நாட்காட்டியையும் நம் நாட்காட்டியையும் ஒரே சுவரில் அடுத்தடுத்து மாட்டிப் பார்ப்போம். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.